15 சதவீதம் சரி, எதில் 15? வொர்க்கர்ஸ் காம்ப் செட்டில்மென்ட்டில் வக்கீல் ஃபீஸ் கணக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கலிபோர்னியாவில் ட்ரேசி பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்த்த உங்கள் கணவருக்குப் பெட்டி தூக்கும்போது இடுப்பில் டிஸ்க் விலகிவிட்டது. வொர்க்கர்ஸ் காம்ப் வழக்கு, அதாவது வேலையில் அடிபட்டவருக்கான இழப்பீட்டு வழக்கு, மூன்று வருடம் இழுத்து, இப்போது 60,000 டாலருக்கு செட்டில்மென்ட் பேசி முடித்திருக்கிறார்கள். வக்கீல் தன் ஃபீஸ் 15 சதவீதம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் கையெழுத்துக்கு வந்த தாளில் கைக்கு வரும் தொகை 39,400 என்று இருக்கிறது. "9,000 போனால் 51,000 அல்லவா வரவேண்டும்? மீதி எங்கே போயிற்று? எங்களை ஏமாற்றுகிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் தந்திருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால் ஏமாற்று எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரே ஒரு இடத்தைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். அதையும், இந்த ஃபீஸ் கணக்கு எப்படித்தான் போடப்படுகிறது என்பதையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. தொழிலாளர் தரப்பில் வாதாடும் வக்கீல் அலுவலகங்களில் பத்து வருடத்துக்கு மேல் இந்தத் தாள்களைத் தயாரிக்கும் வேலையில் இருந்தவன். உங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துத் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் கேட்பது "எத்தனை சதவீதம்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி, அந்தச் சதவீதம் எந்தத் தொகையின் மேல் போடப்படுகிறது என்பது.

முதலில் உங்கள் கையில் இருக்கும் தாள். அதன் பெயர் காம்ப்ரமைஸ் அண்ட் ரிலீஸ். எல்லோரும் சி அண்ட் ஆர் என்பார்கள். அதில் 7-ஆவது பத்தியைத் திருப்புங்கள். மேலே மொத்தத் தொகை, 60,000. அதற்குக் கீழே கழிக்க வேண்டியவை வரிசையாக வரும். முதல் வரி, இதுவரை முன்பணமாகக் கொடுத்த நிரந்தர ஊனத் தொகை. அதைப் பி.டி. அட்வான்ஸ் என்பார்கள். அடுத்தது, தற்காலிக ஊனத் தொகை எதையாவது கூடுதலாகக் கொடுத்திருந்தால் அது. அப்புறம் வேறு யாருக்காவது போகவேண்டிய பணம். கடைசியில் வக்கீல் ஃபீஸாகக் கோரும் தொகை. இவ்வளவும் போக மீதி எவ்வளவு என்பது அதற்குக் கீழே இருக்கும்.

உங்கள் கணவருக்கு வாரம் 290 டாலர் வீதம் 40 வாரம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதுதான் விடை. 40 வாரத்துக்கு 11,600 டாலர். அந்தப் பணம் செட்டில்மென்ட்டுக்கு வெளியே தனியாக வந்த பணம் இல்லை. இந்த 60,000-இன் ஒரு பகுதி முன்கூட்டியே வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆகவே 60,000-இல் 11,600 கழித்து, 9,000 கழித்தால் 39,400. கணக்கு இடிக்கவில்லை.

ஆனால் உங்கள் மனசு ஏன் ஒப்பவில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. இன்றைக்குப் புதிதாக வரப்போகும் பணம் 48,400. அதில் 9,000 போகிறது என்றால் அது 18.6 சதவீதம். வக்கீல் சொன்னது 15. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆட்கள் ஏமாந்ததுபோல் உணர்கிறார்கள். ஃபீஸ் மொத்தத் தொகையின் மேல் போடப்படுகிறது, கைக்கு வரும் மீதியின் மேல் இல்லை. முன்பணம் வரும்போது அதிலிருந்து வக்கீல் எதுவும் எடுக்காமல் இருந்திருந்தால், அந்தப் பகுதிக்கான ஃபீஸையும் இப்போது சேர்த்து எடுக்கிறார் என்று பொருள்.

நான் மேலே சொன்ன அந்த ஒரே ஒரு இடம் இதுதான். முன்பணம் வந்தபோது வக்கீல் எதுவும் எடுக்கவில்லை என்பது நிச்சயமா? பல வக்கீல்கள் வழக்கை எடுத்தவுடனே முதலாளியின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் போடுவார்கள், பி.டி. அட்வான்ஸ் கொடுக்கும்போதெல்லாம் 15 சதவீதத்தைப் பிடித்து வையுங்கள் என்று. அப்படிப் பிடித்திருந்தால் உங்கள் கணவருக்கு வாரத்துக்கு 290 வந்திருக்காது, 246.50 வந்திருக்கும். பி.டி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் செக்கில் 580-ஆ, 493-ஆ என்று பாருங்கள். 580 என்றால் இப்போதைய கணக்கு சரி. 493 என்றால் 40 வாரத்தில் 1,740 டாலர் ஏற்கெனவே வக்கீல் பேரில் ஒதுங்கியிருக்கிறது. இப்போது மறுபடியும் முழு 9,000 கழிக்கக் கூடாது.

இது நான் கற்பனையாகச் சொல்வதில்லை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நடந்தது. சமையல் வேலை செய்தவர், தோளில் அடிபட்டவர். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் மனைவி ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய செக் அடிக்கட்டைகளைக் கொண்டு வந்திருந்தார், ஒன்றுகூட விடாமல். மேசை மேல் பரப்பி வைத்துக் கூட்டினோம். ஒவ்வொன்றிலும் 15 சதவீதம் பிடிக்கப்பட்டிருந்தது. கடைசித் தாளில் அந்தப் பிடிப்பைக் கணக்கில் எடுக்காமல் முழு ஃபீஸும் போட்டிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் வழக்கைக் கவனிக்கும் அட்ஜஸ்டர் மாறியிருந்தார், பழைய கடிதம் புதியவர் கண்ணில் படவில்லை. அந்த டப்பா இல்லாவிட்டால் ஆயிரத்துக்கு மேல் போயிருக்கும். நீங்களும் எல்லாச் செக் அடிக்கட்டைகளையும் எடுத்துக் கூட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால், இதுவரை யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற பட்டியலை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வக்கீல் மூலமாகக் கேட்டு வாங்குங்கள்.

அதே பத்தியில் இன்னொரு சின்ன வாசகமும் இருக்கும். தாளில் குறித்த தேதிக்குப் பிறகு கொடுக்கும் முன்பணமும் மீதியிலிருந்து கழியும் என்று. அதாவது நீங்கள் கையெழுத்துப் போட்டு நீதிபதி ஒப்புதல் தருவதற்குள் இன்னும் இரண்டு செக் வந்தால், 39,400 இன்னும் 1,160 குறையும். அப்போது மறுபடி பதற வேண்டாம்.

சரி, இந்த 15 எங்கிருந்து வந்தது? கலிபோர்னியா சட்டத்தில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. தொழிலாளர் சட்டத்தின் 4906-ஆவது பிரிவு, ஃபீஸ் நியாயமானதாக இருக்கவேண்டும் என்கிறது. வக்கீல் ஏற்ற பொறுப்பு, காட்டிய அக்கறை, செலவிட்ட நேரம், கிடைத்த பலன், இந்த நான்கையும் நீதிபதி பார்க்கவேண்டும் என்கிறது. அவ்வளவுதான். முன்பெல்லாம் 9 முதல் 12 சதவீதம்வரை சாதாரணமாக இருந்தது. இப்போது பெரும்பாலான அலுவலகங்கள் 15 என்று எழுதுகின்றன, நீதிபதிகளும் வழக்கமாக ஒத்துக்கொள்கிறார்கள். எளிதாக முடிந்த வழக்கு என்று பட்டால் நீதிபதி குறைக்கலாம், குறைத்ததையும் பார்த்திருக்கிறேன். நீங்களும் வக்கீலும் எந்தச் சதவீதத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், நீதிபதி ஒப்புக்கொள்ளாமல் அது செல்லாது. ஒப்புதலுக்கு முன்னால் ஃபீஸ் என்று ஒரு டாலர்கூட உங்களிடம் வாங்கக் கூடாது. வழக்கு எடுக்க முன்பணம் ரொக்கமாகக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முதல் சந்திப்பிலேயே ஃபீஸ் பற்றிய ஒரு படிவத்தை உங்களிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதைத் தேடி எடுத்து வையுங்கள்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்குச் சதவீத ஃபீஸ் என்பதே கொஞ்சம் நெருடும். இந்தியாவில் பார் கவுன்சில் விதிப்படி வழக்கின் முடிவைப் பொறுத்து வக்கீல் ஃபீஸ் பேசக் கூடாது. இங்கே அப்படி இல்லை, ஜெயித்தால்தான் ஃபீஸ் என்பதே இந்தத் துறையின் அடித்தளம். காரில் அடிபட்ட வழக்குகளில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேலும்கூட எடுக்கிறார்கள். வொர்க்கர்ஸ் காம்ப்பில் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்றால், அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1911 மார்ச் 24 அன்று நியூயார்க் மாநிலத்தின் உச்ச மன்றம், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. மறுநாளே நியூயார்க் நகரத்தில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள். அதே வருடம் விஸ்கான்சின் மாநிலம் நிலைத்து நிற்கும் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. பிறகு ஒவ்வொரு மாநிலமாக வந்தது. தொழிலாளி முதலாளி மேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறான். பதிலுக்கு, யார் தப்பு என்று பார்க்காமல் மருத்துவமும் கூலியில் ஒரு பங்கும் கிடைக்கிறது. வலிக்கும் வேதனைக்கும் பணம் கிடையாது. கிடைப்பதே சோற்றுக்கான பணம். அதில் வக்கீல் கை அதிகம் நீளக் கூடாது என்றுதான் பெரும்பாலான மாநிலங்கள் வேலி போட்டிருக்கின்றன.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கும் விஷயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை யோசித்தே ஆகவேண்டும்.

கலிபோர்னியாவில் வழக்கை முடிக்க இரண்டு வழி. ஒன்று உங்கள் கையில் இருக்கும் சி அண்ட் ஆர். ஒரே தொகை, எல்லாம் முடிந்தது, இனி அந்த இடுப்புக்கு வரும் மருத்துவச் செலவு முழுக்க உங்கள் தலையில். இன்னொன்று ஸ்டிப் என்று சொல்லப்படும் உடன்பாடு. அதில் ஊனத்துக்கான பணம் வாரா வாரம் என்ற கணக்கில் வரும், எதிர்கால மருத்துவம் திறந்தே இருக்கும், இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும்.

உங்கள் கணவருக்கு 20 சதவீதம் நிரந்தர ஊனம் என்று கியூ.எம்.இ., அதாவது வழக்குக்காக ஊனத்தை மதிப்பிடும் டாக்டரின் அறிக்கையிலிருந்து கணக்கு வந்திருக்கிறது என்கிறீர்கள். 20 சதவீதத்துக்குச் சட்டத்தின் அட்டவணைப்படி 75.5 வாரம். வாரம் 290 வீதம் 21,895 டாலர். ஸ்டிப் போட்டால் வக்கீல் ஃபீஸ் இந்த 21,895-இன் மேல்தான், அதாவது 3,284 டாலர் 25 சென்ட். திறந்திருக்கும் எதிர்கால மருத்துவத்துக்கு எவ்வளவு மதிப்பு இருந்தாலும் அதில் ஃபீஸ் கிடையாது, ஏனென்றால் அது பணமாகக் கைக்கு வருவதே இல்லை.

அதே வழக்கு சி அண்ட் ஆர் ஆகும்போது 60,000 ஆகிறது. கூடுதலாக வந்த 38,105 என்ன? பெரும்பகுதி, உங்கள் கணவர் எதிர்கால மருத்துவ உரிமையை விற்கிற விலை. அந்த விலையின் மேலும் 15 சதவீதம் விழுகிறது. 3,284 ஆக இருந்த ஃபீஸ் 9,000 ஆகிறது. வித்தியாசம் 5,715 டாலர் 75 சென்ட். நாளைக்கு ஊசிக்கும் பிசியோதெரபிக்கும் செலவாக வேண்டிய பணத்திலிருந்துதான் அது போகிறது.

இதைச் சொல்வதால் உங்கள் வக்கீல் சுயநலத்துக்காக சி அண்ட் ஆர் பக்கம் தள்ளுகிறார் என்று நான் சொல்லவில்லை. நிறையப் பேருக்கு சி அண்ட் ஆர்தான் நல்லது. ஒவ்வொரு எம்.ஆர்.ஐ.க்கும் அனுமதி கேட்டு, மறுப்பு வந்து, மேல்முறையீடு செய்து சலித்துப்போனவர்கள் இருக்கிறார்கள். வேலை மாறி, நல்ல மருத்துவக் காப்பீடு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வக்கீலின் ஃபீஸ் எந்த வழியில் எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல வக்கீல் முகம் சுளிக்காமல் எழுதித் தருவார். அப்புறம் வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த இடுப்புக்கு அடுத்த பத்து வருடத்தில் ஆபரேஷன் வருமா? "வரலாம்" என்று அவர் சொன்னால், 39,400 என்பது பெரிய தொகை இல்லை. என் கருத்தில், ஆபரேஷன் பேச்சு இருக்கும் நிலையில் கடன் நெருக்கடிக்காக மட்டும் சி அண்ட் ஆர் போடுவது தப்பு. அப்படிப் போட்டு இரண்டே வருடத்தில் திரும்பி வந்து "மறுபடி திறக்க முடியுமா" என்று கேட்டவர்களுக்கு முடியாது என்று சொல்லும் வேலை என்னுடையதாக இருந்தது.

ஸ்டிப் போட்டால் ஃபீஸை எப்படி எடுப்பார்கள் என்று கேட்டால், ஏற்கெனவே சேர்ந்து நிற்கும் பாக்கி இருந்தால் அதிலிருந்து எடுப்பார்கள். இல்லையென்றால் வாரங்களின் கடைசிப் பக்கத்திலிருந்து கழிப்பார்கள், 75.5 வாரத்தில் வால் பக்கம் கொஞ்சம் குறையும். ஆயுள் முழுக்க வரும் பெரிய ஊன வழக்குகளில் இது தனிக் கணக்கு. வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பைப் போட்டு, வார வாரம் கொஞ்சம் குறைத்து எடுப்பார்கள். உங்களுக்கு அது வேண்டியதில்லை.

ஃபீஸ் விழாத பணம் எதெது என்பதும் தெரிந்திருக்கட்டும். இதுவரை டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் கட்டிய பில்லில் கிடையாது. வேலைக்குப் போகாத மாதங்களில் தானாக வந்த தற்காலிக ஊனத் தொகையில், அதாவது கூலியில் மூன்றில் இரண்டு பங்கு என்று வந்த பணத்தில், வழக்கமாகக் கிடையாது. அதை மறுத்து, வக்கீல் போராடி வாங்கித் தந்திருந்தால் அந்தப் பாக்கியில் கேட்கலாம். பழைய வேலைக்குத் திரும்ப முடியாதவர்களுக்குப் படிப்புக்காக 6,000 டாலர் வவுச்சர் தருவார்கள், அதில் கிடையாது. 2013 முதல் அடிபட்டவர்கள் விஷயத்தில் அந்த வவுச்சரை செட்டில்மென்ட்டில் பணமாக மாற்றி முடிக்கவும் பொதுவாக முடியாது. வவுச்சர் வந்தவர்கள் மாநில அரசிடம் தனியாக விண்ணப்பித்தால் இன்னும் 5,000 டாலர் கிடைக்கும். வவுச்சர் வந்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதை நிறையப் பேர் தவற விடுகிறார்கள். உங்கள் கணவருக்கு வவுச்சர் வந்திருந்தால் இன்றைக்கே தேதியைப் பாருங்கள்.

டெபொசிஷன் என்று கூப்பிட்டு, எதிர்த்தரப்பு வக்கீல் சத்தியப் பிரமாணத்தோடு கேள்வி கேட்டிருப்பார் அல்லவா, அன்றைக்கு உங்கள் வக்கீல் உட்கார்ந்த நேரத்துக்கு மணிக்கணக்கில் ஃபீஸ் உண்டு. அதை இன்சூரன்ஸ் கம்பெனிதான் தனியாகக் கட்டவேண்டும், 60,000-இலிருந்து இல்லை. கியூ.எம்.இ. பரிசோதனைச் செலவும் அவர்கள் தலையில்தான். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டால் அந்தச் செலவும் அவர்களுடையது. நம் ஆட்கள் கூச்சப்பட்டுக்கொண்டு அரைகுறை ஆங்கிலத்தில் பதில் சொல்லி, பின்னால் அந்த ஒரு வார்த்தையே வழக்கைக் கெடுக்கும். அப்பா அம்மா வயதில் உள்ளவர்களுக்காக இதைச் சொல்கிறேன், கேட்டு வாங்குங்கள்.

வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினர்கள் சொன்ன எண்களை எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொன்னது அவர்கள் ஊருக்குச் சரி. இல்லினாயில் உச்ச வரம்பு 20 சதவீதம். பென்சில்வேனியாவில் 20. ஜார்ஜியாவில் 25 வரை போகலாம். விஸ்கான்சினில் தகராறு இருந்தால் 20, இல்லாவிட்டால் 10. மாசசூசெட்ஸில் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பை ஏற்றிருந்தால் ஒட்டுமொத்த செட்டில்மென்ட்டில் 20, ஏற்காவிட்டால் 15. டெக்சாஸில் வக்கீல் மணிக்கணக்கில் பில் போடுவார், ஆனால் வரும் தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்குச் சதவீத ஃபீஸே கூடாது. சில மாநிலங்களில் ஃபீஸ் போக, நகல் எடுத்தது, டாக்டர் சாட்சி சொன்னது என்று செலவுகளையும் தொழிலாளி பங்கிலிருந்து கழிப்பார்கள். ஆகவே அங்கே 20 என்று கேள்விப்பட்டு இங்கே 15 மலிவு என்றோ, மற்றபடியோ முடிவு செய்யாதீர்கள்.

ஃப்ளோரிடா கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஃபீஸ் குறைவாக இருந்தால் தொழிலாளிக்கு நல்லதுதானே என்று நினைப்பவர்களுக்காக. அங்கே சட்டத்தில் படிக்கட்டு மாதிரி ஓர் அட்டவணை: முதல் 5,000 டாலருக்கு 20 சதவீதம், அடுத்த 5,000-க்கு 15, அதற்கு மேல் 10, பத்து வருடத்துக்குப் பிறகு வருவதில் 5. இதற்கு மேல் ஒரு காசு தரக் கூடாது என்று இறுக்கிவிட்டார்கள். மார்வின் கஸ்டெலானோஸ் என்ற தொழிலாளிக்கு 822 டாலர் 70 சென்ட் இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்தது, வரிசையாகப் பல காரணம் சொன்னது. அவருடைய வக்கீல் 107.2 மணி நேரம் உழைத்து அதை வாங்கித் தந்தார். அட்டவணைப்படி ஃபீஸ் 164 டாலர் 54 சென்ட். மணிக்கு 1.53 டாலர். 2016-இல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் அந்த இறுக்கம் அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று தள்ளியது.

அந்த வழக்கில் ஃபீஸைக் கட்டவேண்டியது தொழிலாளி இல்லை, தவறாக மறுத்த தரப்பு. ஃபீஸை அடிமட்டத்தில் வைத்தால் சின்ன வழக்குகளை எந்த வக்கீலும் தொடமாட்டார். இன்சூரன்ஸ் கம்பெனி தைரியமாக மறுக்கும். தொழிலாளி தனியாக நிற்பான். கலிபோர்னியாவிலும் இந்தப் பிரச்சினை இல்லாமல் இல்லை. 3 சதவீத ஊனத்துக்குப் பத்து வக்கீலிடம் போனால் ஒன்பது பேர் எடுக்கமாட்டார்கள், 15 சதவீதத்தில் அவர்களுக்கு மிஞ்சுவது சில நூறு டாலர்தான். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு வொர்க்கர்ஸ் காம்ப் மாவட்ட அலுவலகத்திலும் இருக்கும் தகவல் உதவி அதிகாரியிடம் போகலாம். இலவசம். உங்களுக்கு ஸ்டாக்டன் அலுவலகம் பக்கம். வக்கீல் இருப்பவர்கள் முதலில் வக்கீலிடம்தான் கேட்கவேண்டும். வக்கீல் இல்லாத உறவினர்கள் யாராவது இருந்தால் அங்கே அனுப்புங்கள்.

வக்கீலை மாற்றினால் இரண்டு ஃபீஸ் கட்டணுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பழையவர் தன் உழைப்புக்கு ஒரு லீன், அதாவது பணத்தில் பங்கு கோரும் மனு, போடுவார், அதே 15 சதவீதத்தைப் புதியவரும் அவரும் பிரித்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் நீதிபதி பிரித்துக் கொடுப்பார். உங்கள் பங்கு மாறாது. ஆனால் பேரம் முடிந்து தாள் தயாரான இந்த நேரத்தில் வேறு வக்கீல் யாரும் வருவது கஷ்டம், அவருக்கு மிஞ்சுவது சொற்பம் என்பதால்.

உங்கள் கணவர் விஷயத்தில் மூன்றாவது ஆள் யாரும் இல்லை என்று நினைக்கிறேன். பழுதான ஃபோர்க்லிஃப்டை வாடகைக்கு விட்ட வேறு கம்பெனி, டெலிவரிக்குப் போகும்போது இடித்த கார் என்று ஏதாவது இருந்தால் அது தனி சிவில் வழக்கு. அங்கே ஃபீஸ் தனி ஒப்பந்தம், மூன்றில் ஒரு பங்கு சாதாரணம். அதில் ஜெயித்தால் வொர்க்கர்ஸ் காம்ப் கம்பெனி தான் கொடுத்ததைத் திரும்பக் கேட்கும். இரண்டு ஒப்பந்தத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வரி பற்றி: இந்த செட்டில்மென்ட் பணத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. ஆகவே வக்கீல் ஃபீஸை வரியில் கழிக்கவும் வழியில்லை. உங்கள் கணவர் சோஷியல் செக்யூரிட்டி ஊனப் பென்ஷன் வாங்குகிறார் அல்லது விண்ணப்பித்திருக்கிறார் என்றால் மட்டும் வக்கீலிடம் இன்றைக்கே சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து பழைய சம்பளக் கணக்கில் 80 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாகப் பென்ஷனைக் குறைப்பார்கள். அந்தக் கணக்குப் போடும்போது வக்கீல் ஃபீஸைச் செட்டில்மென்ட்டிலிருந்து தள்ளிவிடலாம். மீதியை அவருடைய மிச்ச ஆயுளுக்கு மாதக்கணக்கில் பரப்பி எழுதினால் குறைப்பு மிகவும் சின்னதாகிவிடும். ஆனால் அந்த வாசகம் சி அண்ட் ஆர் தாளிலேயே இருக்கவேண்டும். பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

ஆக, கையெழுத்துப் போடும் முன் நீங்கள் செய்யவேண்டியது: செக் அடிக்கட்டையில் 580-ஆ 493-ஆ என்று பார்ப்பது, ஸ்டிப் கணக்கையும் சி அண்ட் ஆர் கணக்கையும் ஒரே தாளில் எழுதி வாங்குவது, டாக்டரிடம் ஆபரேஷன் பற்றிக் கேட்பது. முன்பணத்தில் ஒரு பகுதி இந்த வக்கீல் வருவதற்கு முன்னாலேயே வந்தது என்றால், அந்தப் பகுதிக்கு ஃபீஸ் வேண்டாமே என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். 5,000 டாலர் அப்படி வந்திருந்தால் 750 டாலர் விஷயம் அது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் கேட்டவர்களுக்குக் குறைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கேட்காதவர்களுக்கு யாரும் தானாகக் குறைத்ததில்லை.

நீதிபதி ஒப்புதல் கையெழுத்துப் போட்ட பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு செக் போடும், ஒன்று உங்கள் கணவர் பேரில், இன்னொன்று வக்கீல் பேரில். வக்கீலின் செக்கை அவர்கள் தனியாகவே அனுப்புவார்கள், நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. ஒப்புதல் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பணம் வந்துவிட்டால் வட்டி கிடையாது. அதைத் தாண்டினால் வட்டி சேரும். காரணமில்லாமல் இழுத்தடித்தால் தாமதித்த தொகையில் 25 சதவீதம் வரை அபராதம் கேட்கலாம், உச்ச வரம்பு 10,000 டாலர். ஒப்புதல் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, 31-ஆவது நாள் காலையில் வக்கீல் ஆஃபீசுக்கு ஃபோன் போடுங்கள்.